அறுபட்ட ரைஃபிளை எந்த நாளுக்குத் திருப்புவது?

பழைய இராணுவ ரைஃபிள் ஒன்றில் குழலைத் தாங்கும் முன்மரத்தை எவரோ பாதியில் அறுத்துவிட்டிருப்பதைக் கண்டதும், அதை வைத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதைப் பழையபடி ஆக்க முடியுமா? இதற்குப் பதில் சொல்வது சுலபம். பணமும் பொறுமையும் உள்ளவருக்கு ஏறக்குறைய எல்லாமே முடியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பது என் எண்ணம். பழையபடி என்றால் எந்த நாளில் இருந்தபடி என்பதையும், அந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் அதன்மேல் நடந்தவற்றை அழிக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதையும் தீர்த்துக்கொள்ளாமல் கருவிப் பெட்டியைத் திறந்தால், இருப்பதையும் கெடுத்துக்கொள்வதில்தான் அது முடியும்.

நண்பர் ஒருவர், குடும்பவழியில் தமக்கு வந்து, முறையான உரிமத்தோடு தாம் வைத்திருக்கும் ரைஃபிள் ஒன்றை அண்மையில் இதே கேள்வியோடு என் முன் வைத்தார். அது பிரிட்டிஷ் இராணுவத்தின் லீ-என்ஃபீல்டு. மார்க் 3 ஸ்டார் என்ற வகை. படையில் இருந்தபோது அதன் முன்மரம் குழலின் வாய்வரை சென்று, பயனெட் மாட்டும் கனத்த முகப்பு மூடியில் முடிந்திருக்கும். சூடேறிய குழலில் கை படாதபடி மேற்பக்கத்தில் கைக்காப்பு மரமும் இருந்திருக்கும். இப்போது முன்மரம், குறிபார்க்க உதவும் பின்குறிக்குச் சற்று முன்னாலேயே முடிந்து, அறுத்த முனை உருட்டி இழைக்கப்பட்டு, அதன்மேல் கறுப்பு வார்னிஷ் பூசப்பட்டிருக்கிறது. முகப்பு மூடி இல்லை, கைக்காப்பு இல்லை. தோளில் பொருந்தும் அடிக்கட்டையும் சற்றுக் குறைக்கப்பட்டு, பித்தளைத் தகடு இருந்த இடத்தில் ரப்பர் பட்டை ஒன்று திருகப்பட்டிருக்கிறது. நண்பரின் மனம் நொந்தது இவற்றைப் பார்த்துத்தான். என் கண் போனதோ வேறு இடங்களுக்கு: குழல் அறுபடவில்லை, முன்குறியின் அடிப்பாகம் தன் ஊசியோடு தன் இடத்திலேயே இருக்கிறது, ஐந்து தோட்டாக் கிளிப்பைச் செருகும் பாலத்தை எவரும் அரைத்தெடுக்கவில்லை, குழல் பொருந்தும் எஃகு உடலான ரிசீவரில் தொலைநோக்கிக்கான துளை ஒன்றும் இல்லை, தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. அதாவது, அறுத்தவர் மரத்தோடு நின்றுகொண்டார்.

அப்படி அறுத்தவர்களைத் திட்டுவது இன்றைய சேகரிப்பாளர்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு உலகப் போர்களும் முடிந்தபோது அரசுகளின் கிடங்குகளில் இலட்சக்கணக்கான ரைஃபிள்கள் குவிந்து கிடந்தன. அவை உபரி என்று மலிவாக விற்கப்பட்டபோது, புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க வசதியில்லாத ஒருவருக்கு அது நல்வாய்ப்பு. முழு மரத்தோடு ஏறக்குறைய நான்கு கிலோ எடையுள்ள ஒன்றைத் தோளில் சுமந்து காட்டில் நடப்பவருக்கு, பயனெட் மாட்டும் இரும்பும் கைக்காப்பும் வெறும் சுமை. இராணுவத்தின் பெயரே போதும் என்று கண்ணாடிப் பேழையில் வைக்க அன்று எவருக்கும் தோன்றவில்லை; தோன்றியிருக்க வேண்டிய காரணமும் இல்லை, ஏனெனில் அப்போது அது அரிய பொருளன்று. பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்து, மாற்றிய லீ-என்ஃபீல்டுகளைப் பட்டியலிட்டு விற்றன. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியபோது மலிவான வரத்துக்கு அங்கே பெரிய தடை விழுந்தது. அறுபடாதவற்றின் மதிப்பு மெல்ல ஏறத் தொடங்கிய பிறகுதான் அறுத்தவர் குற்றவாளி ஆனார்.

மாற்றம் என்றாலே சீரழிவு என்று கொள்வதற்கு எதிரான மிகச் சிறந்த சான்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள். அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையே அதை அவருக்காக வேட்டைக்கு ஏற்றபடி மரம் மாற்றிக் கொடுத்தது. 1909இல் ஆப்பிரிக்கப் பயணத்துக்கும் அவர் அதைக் கொண்டுபோனார். அதற்கு இராணுவ மரத்தை மாட்டிப் பழையபடி ஆக்குவேன் என்று ஒருவர் புறப்பட்டால் அவரை எவரும் மன்னிக்கமாட்டார்கள். 1923இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹவ் போன்ற பட்டறைகளின் கைவேலையும் அப்படித்தான். எனவே மாற்றிய கை எது என்பதைத் தேடிப் பார்ப்பது முதல் வேலை. குழலின் அடிப்பக்கத்திலும் மரத்துக்குள் மறைந்த இடங்களிலும் பட்டறையின் பெயரோ முத்திரையோ இருக்கக்கூடும். மரத்தைக் கழற்றிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நண்பரின் ரைஃபிளில் அப்படி எதுவும் இல்லை. அறுப்பின் கோணல் ஒன்றே அது வீட்டுக் கொட்டகையில் நடந்த வேலை என்று காட்டிக்கொடுத்தது.

பட்டறைகளை விட்டுவிட்டு, படைகளே செய்த மாற்றங்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. 1866இல் பிரிட்டிஷ் அரசு ஜேக்கப் ஸ்னைடரின் முறையை ஏற்று, அதே குழல்களின் பின்முனையை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் அடைப்பைப் பொருத்தி, பின்வழித் தோட்டா போடும் ஸ்னைடர்-என்ஃபீல்டாக மாற்றியது. இன்று ஸ்னைடர் ஒன்றை வைத்திருப்பவர் அதை 1853க்குத் திருப்ப நினைப்பதில்லை. மாற்றமே அங்கே வரலாறு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மானியப் படை நார்வேயில் விட்டுச்சென்ற கார்-98கே ரைஃபிள்களை நார்வே தன் படைக்கு எடுத்துக்கொண்டு, அமெரிக்க .30-06 தோட்டாவுக்குக் குழல் மாற்றித் தன் முத்திரையையும் இட்டது. இஸ்ரேல் அதே வகை ரைஃபிள்களை 1950களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி, அந்த எண்ணை ரிசீவரிலும் அடிக்கட்டையிலும் பதித்தது. சோவியத் கிடங்குகளில் போரில் கைப்பற்றிய கார்-98கே ரைஃபிள்களைக் குவியலாகக் கழற்றி, சுத்தம் செய்து, எந்தப் போல்ட் எந்த ரிசீவருக்கு உரியது என்று பாராமல் கோத்து, ரிசீவரின் எண்ணைப் போல்ட்டில் மின்ஊசியால் கீறி, மரத்துக்கு அரக்குப் பூச்சுக் கொடுத்து வைத்தார்கள். அந்தப் பளபளப்பைச் சுரண்டி, எண் பொருந்தும் போல்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து, 1943இல் தொழிற்சாலையிலிருந்து வந்தது போலாக்கும் ஆசை பலருக்கு உண்டு. அதில் போவது அழுக்கன்று. அந்த ரைஃபிள் தோற்ற படையிடமிருந்து வென்ற படையிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கான ஒரே சான்று.

ஜப்பானியப் படையின் அரிசாகா ரைஃபிள்களின் கதை இதைவிடத் தெளிவானது. அவற்றின் ரிசீவர் தலையில் பேரரசரின் உடைமை என்பதைக் காட்டும் பதினாறு இதழ்ச் செவ்வந்தி பொறிக்கப்பட்டிருக்கும். 1945இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்டவற்றில் அந்தப் பூ அரைத்து அழிக்கப்பட்டது. போர்க்களத்திலேயே கைமாறியவற்றில் பெரும்பாலும் அப்படியே நின்றது. ஆகவே அரைத்த தழும்பும் ஒரு முத்திரைதான், பூவைவிட அதிகம் சொல்கிற முத்திரை. அதன்மேல் புதிதாகப் பூப் பொறிப்பவர் எதையும் மீட்கவில்லை. நடந்த சரணடைதலை நடக்கவில்லை என்கிறார். எனக்கு இதில் இரண்டு கருத்தே இல்லை.

ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் மூட்டைப் பையில் அடங்குவதற்காக, கைப்பற்றிய ரைஃபிளின் முன்மரத்தை இரும்புப் பட்டைக்கு அடியில் அறுத்து இரண்டாக்கிக் கொண்டுவந்ததும் உண்டு. பட்டையை மீண்டும் ஏற்றினால் அறுப்பு மறைந்துவிடும், கழற்றும்போதுதான் தெரியும். உள்ளே ஒரு சிறு செருகு வைத்து ஒட்டிவிட்டால் வலுவாகவும் நிற்கும். ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த அறுப்பு இருப்பதாலேயே மரத்தைத் தூக்கி எறிந்து வேறு மரம் மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தக் கோடுதான் அந்த ரைஃபிள் கடல் கடந்து வந்த பயணச்சீட்டு.

இந்தியாவோடு தொடர்புள்ள ஓர் உதாரணமும் இங்கே பொருந்தும். இஷாப்பூர் தொழிற்சாலை, காவல் பணிக்கென்று லீ-என்ஃபீல்டுகளை .410 அளவுள்ள, சுழல்வரி இல்லாத ஒற்றைத் தோட்டா மஸ்கட்டுகளாக மாற்றியது. தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டை ஒன்றை அடைத்தார்கள். தோட்டாப் பெட்டியையும் .303 குழலையும் தேடி அதை மீண்டும் போர் ரைஃபிளாக்க விரும்புகிறவர், ஆட்சியாளர்கள் தங்கள் காவலர் கையில் எவ்வளவு வலுவான ஆயுதத்தைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்ற செய்தியையே அழிக்கிறார். அந்த மரக்கட்டையைவிடப் பேசுகிற உறுப்பு அந்தத் துப்பாக்கியில் வேறில்லை.

ஆக, படையும் தொழிற்சாலையும் தேர்ந்த பட்டறையும் செய்தவற்றை விலக்கிவிட்டால், மிஞ்சுவது பெயர் தெரியாத தனியாள் ஒருவர் தம் வசதிக்காகச் செய்தது மட்டும். திருப்புவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கேதான் உண்மையில் எழுகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: கை வைத்தது மரத்திலா, எஃகிலா? மரத்தில் மட்டும் என்றால் திருப்பலாம். எஃகில் என்றால் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். ஆசையும் சந்தை விலையும் இந்த அளவுகோலை வளைக்க முயலும். வளைய விடக் கூடாது.

எஃகில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று பார்ப்போம். முதல் உலகப் போரின் அமெரிக்க எம்1917 ரைஃபிளிலும் அதன் பிரிட்டிஷ் உடன்பிறப்பான பி14இலும் பின்குறியைக் காக்க ரிசீவரின் பின்பகுதியில் இரண்டு பெரிய காதுகள் உண்டு. தொலைநோக்கி மாட்ட அவை இடைஞ்சல் என்று ஆயிரக்கணக்கானவற்றில் அவற்றை அரைத்து, வழவழப்பான வளைவாக்கிவிட்டார்கள். அந்தக் காதுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் எஃகைப் பற்றவைத்துக் கடைய வேண்டும். ரிசீவரின் வலிமையோ, தொழிற்சாலையில் அதற்குக் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. பற்றவைக்கும் சூடு பரவும் இடத்தில் அந்தப் பதம் போய்விடும், அல்லது எஃகு நொறுங்கும் தன்மை பெறும். கண்ணுக்கு அது அழகாக இருக்கும். முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் வெடியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறுப்பு அது என்பது மட்டும் அழகில் தெரியாது. குழல் குட்டையாக்கப்பட்டவை, வேறு தோட்டாவுக்கு அறை பெருக்கப்பட்டவை, லீ-என்ஃபீல்டின் கிளிப்புப் பாலம் அரைக்கப்பட்டவை, கார்-98கே போன்ற மௌசர் ரைஃபிளின் போல்ட் கைப்பிடியை வெட்டி வேறு கைப்பிடி பற்றவைத்தவை, எல்லாம் இதே வரிசையில்தான் வருகின்றன. தொலைநோக்கிக்கான துளைகள் மட்டும் இடைப்பட்டவை. அவற்றைத் திருகாணியால் அடைத்து நிறுத்திவிடலாம். பற்றவைத்து மழித்து, இருந்ததே தெரியாதபடி செய்வதுதான் கூடாதது.

பதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஸ்பிரிங்ஃபீல்டு 1903ஐத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் ஏறக்குறைய 8,00,000 என்ற வரிசை எண்ணுக்குக் கீழும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 2,85,507க்குக் கீழும் உள்ள ரிசீவர்கள் பழைய ஒற்றைப் பதமுறையில் செய்யப்பட்டவை. உலையில் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டதால், அவற்றில் சில அளவுக்கு மீறிச் சூடேறி நொறுங்கும் எஃகாகிவிட்டன. சில வெடித்துச் சிதறிய பிறகு 1918இல் முறை மாற்றப்பட்டது. நல்லது எது, கெட்டது எது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. அப்படிப்பட்ட ஒன்றை மரமும் பட்டையும் மாட்டி அழகாக்கி வைப்பது வேறு. அழகாகிவிட்டதே என்று சுடக் கொண்டுபோவது வேறு. பயிற்சிக்கு மட்டும் என்று டிபி முத்திரை குத்தப்பட்ட பிரிட்டிஷ் ரைஃபிள்களும் அவ்வாறே. அந்த இரண்டு எழுத்தை அழிப்பதும், செயலிழக்கச் செய்த ஒன்றை உயிர்ப்பிக்க முயல்வதும் சீரமைப்பு என்ற சொல்லுக்குள் அடங்குவன அல்ல. பெரும்பாலான இடங்களில் சட்டத்துக்குள்ளும் அடங்கா. எதைத் திருப்பினாலும் சுடும் எண்ணம் இருந்தால், தகுதி பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் ஒருவர் தோட்டா அறையின் அளவுகளைச் சோதித்துச் சொல்லும்வரை அது அலமாரிப் பொருள் என்றே கொள்ள வேண்டும்.

மரத்துக்கு வருவோம். மரம் திருப்பத்தக்கது என்றால் அது எளிய வேலை என்று பொருளில்லை. லீ-என்ஃபீல்டின் முன்மரம் வெறும் உறையன்று. சுடும்போது பின்னோக்கி உந்தும் விசையை வாங்கிக்கொள்வது, முன்மரத்தின் பின்முனையில் உட்பக்கம் செதுக்கிய இரண்டு சிறு தோள்கள். ரிசீவரின் எஃகு அவற்றின்மேல்தான் வந்து அமர்கிறது. பல்லாண்டு எண்ணெய் ஊறி அந்தத் தோள்கள் மெத்தென்று ஆகியிருந்தாலோ, எஃகுக்கும் அவற்றுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழுந்திருந்தாலோ, சில சுடுதல்களில் முன்மரத்தின் பின்பகுதி பிளந்துவிடும். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, உள்ளூர் மரம் மென்மையானது என்பதால் அந்த இடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்ததற்கும் இதுவே காரணம். முன்பக்கம் போனால், முகப்பு மூடிக்கு உள்ளே ஒரு சிறு சுருள்வில்லும் அதன்மேல் ஒரு குமிழும் இருந்து குழலை மேல்நோக்கி மெல்லத் தாங்கும்; நடுவில் உள்ள உள்வளையம் ஒரு வில்லோடு கூடிய நீண்ட திருகாணியால் கீழே இழுக்கும். இந்தத் தாங்கலும் இழுப்பும் சமன்பட்டால்தான் குறி நிற்கும். வேறொரு ரைஃபிளிலிருந்து கழற்றிய முன்மரம், அந்த ரைஃபிளின் எஃகுக்கு ஏற்பவே தேய்ந்திருக்கும். அதை வாங்கித் திருகாணிகளை முடுக்கிவிட்டால் பார்வைக்குச் சரியாக இருக்கும். தோள்களில் மெல்லிய கறுப்பு மை தடவி, பொருத்தி, கழற்றி, மை ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, இரண்டு தோள்களும் ஒரே சமயத்தில் எஃகைத் தொடும்வரை திரும்பத் திரும்பச் செய்தால்தான் உண்மையிலேயே சரியாகும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை இது.

சரியான மரம் எது என்பதும் தனிக் கேள்வி. மார்க் 3 ரைஃபிள் 1907இல் வந்தபோது அதில் தொலைதூரக் கூட்டுச் சுடுதலுக்கான பக்கக் குறிகளும், தோட்டாப் பெட்டியை அடைக்கும் தகடும் இருந்தன. 1916இல் உற்பத்தியைப் பெருக்குவதற்காக இவை கைவிடப்பட்டன; அந்த எளிய வடிவம்தான் மார்க் 3 ஸ்டார். அதற்குப் போய் பக்கக் குறியுள்ள முன்மரத்தை, பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது எந்த நாளிலும் இருந்திராத ஒரு ரைஃபிளை உருவாக்குவது. அது போக, பல லீ-என்ஃபீல்டுகள் பணியில் இருக்கும்போதே தொழிற்சாலைக்குத் திரும்பி முழுப் பழுதுபார்ப்புப் பெற்று, எஃப்டிஆர் என்ற முத்திரையோடும் அந்த ஆண்டோடும் மீண்டும் வெளிவந்தவை. 1918இல் பிறந்து 1940களில் புது மரம் பெற்ற ரைஃபிளுக்கு 1918ஆம் ஆண்டு மரத்தைத் தேடுவது வீண். அது கடைசியாகப் படையை விட்டு வெளியேறிய நாளின் வடிவமே, நான் ஒப்புக்கொள்ளும் பழைய நிலை. அதற்கு முந்தையதை நாடுவது கற்பனைக்கு இடங்கொடுப்பதாகும். அதற்குப் பிந்தையதை, மரத்தளவில் இருந்தால், கழற்றி வைத்துவிடலாம்.

சீரமைப்பு எவ்வளவு தூரம் போகக் கூடாது என்பதற்கு இன்னும் பழைய ஓர் எச்சரிக்கை உண்டு. 1840களிலும் 1850களிலும் அமெரிக்கப் படை தன் 1816 மாதிரி சக்கிமுக்கி மஸ்கட்டுகளை, கேப் எனும் சிறு உலோக மூடியால் வெடிக்கும் முறைக்குப் பெரும் எண்ணிக்கையில் மாற்றியது. மருந்துக் கிண்ணத்தை வெட்டியெடுத்து, பூட்டுத் தகட்டில் மிஞ்சிய துளைகளை அடைத்து, பழைய தீத்துளையை மூடி, குழலின் மேற்பக்கத்தில் கேப் மாட்டும் முளையைத் திருகினார்கள். பின்னாளில் சக்கிமுக்கித் துப்பாக்கிகளுக்கு விலை ஏறியதும், இவற்றைத் திரும்பவும் சக்கிமுக்கியாக்கும் தொழில் ஒன்று தோன்றியது: புதிதாக வார்த்த கொக்கி, புதிய தீத்தட்டி, புதிய கிண்ணம். அனுபவமுள்ளவர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நிஜமாகவே பல்லாண்டு சக்கிமுக்கியால் வெடித்த துப்பாக்கியில், தீத்துளையைச் சுற்றிக் குழலின் இரும்பு வாயுவாலும் மருந்தின் உப்பாலும் அரிபட்டு, கிண்ணத்தின் விளிம்பிலும் அதே அரிப்புத் தொடர்ந்திருக்கும். திருப்பியதில் குழல் குழிவிழுந்திருக்க, அதை ஒட்டிய கிண்ணம் நேற்றுச் செய்ததுபோல் கூர்மையாக இருக்கும். இரண்டுக்கும் வேறு வேறு வயது. இதனால் ஏற்பட்ட கேடு ஏமாந்தவர்களோடு நிற்கவில்லை. உண்மையான சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று சந்தைக்கு வந்தாலும் அதையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துவிட்டது. மாற்றப்பட்ட மஸ்கட்டுகளோ, ஒரு படை ஒரு தொழில்நுட்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கால்மாற்றி நின்ற தருணத்தின் சான்றுகள். அவற்றை அழித்து அழித்துத்தான் போலிகள் செய்யப்பட்டன.

உதிரிப் பாகங்களின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அறுபட்ட ரைஃபிளுக்கு மரம், வளையங்கள், முகப்பு மூடி, திருகாணிகள், பித்தளைத் தகடு என்று ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கும்போது, அறுபடாத ரைஃபிள் ஒன்றின் விலையையே தாண்டிவிடுவது சாதாரணம். இலாபத்துக்காக இதில் இறங்குபவர் தொடக்கத்திலேயே தோற்றவர். இதைவிட என்னை உறுத்துவது வேறு. பாகங்களின் விலை ஏற ஏற, முழுதாக இருக்கும் ரைஃபிளைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பது ஆதாயமாகிவிடுகிறது. ஆகவே, எங்கோ அறுபட்ட ஒன்றை முழுதாக்கும் ஆசை, வேறெங்கோ முழுதாக இருந்த ஒன்றை அழித்திருக்கக்கூடும். வாங்கும்போது அந்தப் பாகம் எதிலிருந்து வந்தது என்று கேட்பதும், ஏற்கெனவே சிதைந்தவற்றிலிருந்தோ பழைய கிடங்கு இருப்பிலிருந்தோ வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதும், புதிதாகச் செய்த நகல் மரத்தை இழிவாக நினைக்காமல் இருப்பதும் இதற்கு நம்மால் இயன்ற மாற்று. நகல் மரம் பொய் சொல்வதில்லை, அதை நகல் என்று நாம் மறைக்காமல் சொன்னால்.

மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை வைக்காதீர்கள் என்பதுதான். உப்புத்தாள் ஒருமுறை மரத்தில் ஓடினால், சோதனையாளர் குத்திய முத்திரைகளின் விளிம்புகள் போய்விடும், எஃகோடு சமமாக நின்ற மரம் எஃகைவிடத் தாழ்ந்துவிடும். பள்ளங்களை ஈரத்துணியும் சூடான இரும்பும் வைத்து எழுப்ப முடியும் என்பது உண்மைதான். ஆனால் எழுப்ப வேண்டிய பள்ளம் எது என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. எஃகுக்குப் புதுக் கருநீலப் பூச்சுக் கொடுப்பதும், எண் பொருந்தாத போல்ட்டில் பழைய எண்ணை அரைத்துப் புது எண் குத்துவதும் ஒரே குற்றத்தின் இரண்டு அளவுகள். உலர்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவித் துடைப்பதும், எஃகில் பொடிந்த செந்துருவை எண்ணெயும் செப்பு உலோகமும் கொண்டு மெல்லத் தளர்த்துவதும் போதும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நண்பரின் ரைஃபிளுக்கு வந்தால், முன்மரத்தைத் திருப்பலாம் என்றே சொன்னேன். எஃகு முழுதாக இருக்கிறது; மாற்றிய கைக்கு வரலாற்றில் தனியிடம் ஒன்றும் இல்லை; மாற்றுவது எதையும் ஒரு மணி நேரத்தில் மீண்டும் கழற்றிவிடலாம். நான் வைத்த நிபந்தனைகள் இரண்டு. அறுபட்ட முன்மரம் விறகாகக் கூடாது, ரைஃபிளோடு என்றும் சேர்ந்தே இருக்க வேண்டும், கைமாறினால் அதுவும் கூடவே போக வேண்டும். இரண்டாவது, எது புதிதாக வந்தது, எப்போது, எதிலிருந்து என்று எழுதிய தாள் ஒன்று ரைஃபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டின் பித்தளை அடித்தகட்டில் எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் கயிறும் வைக்கச் சிறு கதவு உண்டு. அதற்குள் ஒரு தாள் தாராளமாக அடங்கும். மாட்டிய முன்மரத்தின் உட்பக்கத்தில், குழல் மறைக்கும் இடத்தில், ஆண்டை மட்டும் சிறிதாகப் பதிக்கவும் சொன்னேன். நண்பர் அதற்குச் சற்றுத் தயங்கினார்: "அதைப் பார்த்தால் அசல் இல்லை என்று தெரிந்துவிடுமே." தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது.

அடிக்கட்டையில்தான் நாங்கள் ஒத்துப்போகவில்லை. முன்மரத்தை முதலில் கழற்றிவிட்டால், அதைக் கழற்றுவது எளிது. ஒரே ஒரு நீண்ட திருகாணிதான் அதைப் பிடித்திருக்கிறது. சிப்பாயின் கை நீளத்துக்கு ஏற்ப நெட்டை, குட்டை என்று அளவு வாரியாக இராணுவமே அடிக்கட்டைகளைச் செய்ததால், சரியான அளவில் ஒன்றைத் தேடுவதும் கடினமன்று. ஆனால் இந்த அடிக்கட்டையைக் குறைத்தவர் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கவில்லை. ரப்பர் பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, அறுத்த முனையில் பென்சிலால் போட்ட இரண்டு கோடுகள் தெரிந்தன, ஒன்று அறுத்த கோட்டுக்கு மிக அருகில், மற்றொன்று அதற்குச் சற்று உள்ளே ஓரமாக. யாரோ ஒருவர் தோளில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டிருக்கிறார். என் அளவுகோலின்படி இது மரம், ஆகவே தாராளமாகத் திருப்பலாம். பித்தளைத் தகடும் அதன் சிறு கதவும் வேண்டுமென்றால் திருப்பியாகவும் வேண்டும். குடும்பத்தில் யாருடைய தோளுக்காக அது குறைக்கப்பட்டது என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். நண்பர் தம் அத்தையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, முன்மரத்துக்கான வேலை மட்டும் தொடங்கியிருக்கிறது.